குறுக்கே வந்த நீலக் காது

பிஸெர்த்திலிருந்து வந்த ஷேர் வேனை விட்டு ரவ்தா இறங்கியபோது பகல் ஒன்றரை மணி. பாலைவனக் காற்று மூன்றாவது நாளாக வீசிக்கொண்டிருந்தது. துனிஸ் நகரமே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. ஹல்ஃபாவீன் சந்தில் ஒரு பூனைகூட வெளியே இல்லை. ஒரு கையில் தர்பூசணி, இன்னொரு கையில் துணிப்பை. தங்கை வீட்டுக் கதவை அவள் முழங்கையால்தான் தட்ட வேண்டியிருந்தது.

மொன்ஜியா வாயில் நாலு குண்டூசியோடு வந்து திறந்தாள். கல்யாண உடுப்பு தைப்பவள். ஆகஸ்டில் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை.

"இத ஏங்க்கா அங்கேருந்து சுமந்துட்டு வர்றே? இங்க கெடைக்காதா?"

"கெடைக்கும். நீ வாங்கித் தின்னாத்தானே? நூலையும் காப்பியையும் வெச்சே காலம் தள்ளுவே."

ஒவ்வோர் ஆகஸ்டிலும் ரவ்தா பள்ளிக்கூட அலுவலகத்தில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வருவாள். வருவது தங்கையைப் பார்க்க மட்டும் அல்ல. அந்த வீட்டுக்கு இன்னொருவரும் வரும் மாதம் அது. அவருடைய பேரை யாரும் சொல்வதில்லை. 'விருந்தாளி' என்பார்கள்.

பத்தொன்பது வயதில் மொன்ஜியா கடலில் மூழ்கிப் பிழைத்தாள். அன்றிலிருந்து அவர் அவளோடு ஒட்டிக்கொண்டார். ஆண்டுக்கு ஒரு முறை ஆவிகளை இசையால் அழைக்கும் ஸ்தம்பாலிக்காரர்கள் வந்து, மூன்று தந்தி கும்ப்ரி வாத்தியமும் இரும்புத் தாளங்களுமாக அவருக்கே உரிய மெட்டை வாசிப்பார்கள். அந்த மெட்டுக்கு நூபா என்று பெயர். தொடங்கினால் அவர் வருவார், மொன்ஜியா ஆடுவாள். முடிவில் குழுத் தலைவர் பாபா ஹமாதி உரக்கக் குரல் கொடுத்து அவரை வழியனுப்புவார். மொன்ஜியா சுருண்டு விழுந்து தூங்குவாள். அடுத்த ஆகஸ்ட் வரை ஒரு தொந்தரவும் இருக்காது.

ஒரே ஒரு நிபந்தனை. தொடங்கிய நூபாவை நடுவில் நிறுத்தக் கூடாது. ஒரு முறை பாபா ஹமாதியின் கும்ப்ரியில் தந்தி அறுந்தபோது, மிச்சமிருந்த இரண்டு தந்தியை வைத்தே கிழவர் வாசித்து முடித்தார். மொன்ஜியாவின் பாதங்களைப் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பார். அவள் தயாராகும்வரை முடிக்க மாட்டார்.

இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் ரவ்தாவுக்கு எரிச்சல் வரும். தங்கை நன்றாக இருக்கிறாள். அதற்கு மேல் அவளுக்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம்.

பாபா ஹமாதி போன குளிர்காலத்தில் இறந்துபோனார். மகன் மார்ஸேயில் டாக்ஸி ஓட்டுகிறான். வேறு குழுக்களைக் கேட்டால், "அது ஹமாதி வீட்டு நூபா. எங்களுக்கு வராது" என்று கையை விரித்தார்கள். ரவ்தா சோர்ந்துபோயிருந்த நேரத்தில்தான் உடன் வேலை பார்ப்பவள் ஒருத்தி சொன்னாள், பிரான்சில் யாரோ ஓர் ஆராய்ச்சிக்காரி கிழவரின் பாட்டுகளைப் பதிவுசெய்து இணையத்தில் போட்டிருக்கிறாளாம். தேடினால் பட்டியலில் மொன்ஜியாவின் நூபாவே இருந்தது. ரவ்தாவுக்கு அன்று கண் கலங்கிவிட்டது.

மொன்ஜியா வீட்டிலும் கம்ப்யூட்டர் உண்டு. லியோனில் இருக்கும் அண்ணன் ரிதா போன வருடம் அனுப்பிவைத்தது. உடுப்புப் படங்கள் பார்க்க மட்டும்தான் அவள் அதைத் தொடுவாள்.

"பொட்டிய வெச்சு அவரக் கூப்பிடறது சரியாக்கா?" மொன்ஜியா மெதுவாகக் கேட்டாள்.

"கை ஹமாதி கைதானே. குரலும் அவருதுதான். பொட்டி நடுவுல என்ன பண்ணப்போகுது?"

நடுவில் பெட்டி என்ன செய்யும் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது.

சாம்பிராணிப் புகை போட்டாயிற்று. மொன்ஜியா நீலத் துணியைத் தோளில் போர்த்திக்கொண்டு அறை நடுவில் நின்றாள். ரவ்தா அந்த இணையப் பக்கத்தைத் திறந்து, பாட்டின் பெயரைச் சுட்டியால் தட்டினாள். கும்ப்ரியின் கனத்த ஒலி எழுந்தது. கிழவரே வந்து உட்கார்ந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. தாளங்கள் சேர்ந்துகொண்டன. மொன்ஜியாவின் தலை ஆடத் தொடங்கியது. அறையில் கடல் வாடை வந்தது. உப்பும் பாசியும் கலந்த, ஈரமான வாடை. வெளியேயோ உதட்டை வெடிக்கவைக்கும் வறண்ட காற்று.

இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். திரையின் நடுவில் ஒரு பெரிய ஜன்னல் குதித்தது. அதில் ஏதோ பாட்டுச் செயலியின் நீலக் காதுப் படம். டிங் டிங் டிங் என்று தன் வரவேற்பு இசையை உச்சத்தில் முழக்கிவிட்டு, 'இந்தப் பாட்டை நான் இயக்கட்டுமா?' என்று கேட்டது. பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கும்ப்ரியை நிறுத்திவிட்டு, மின்னஞ்சல் முகவரியும் பிறந்த தேதியும் கேட்டுப் படிவத்தை நீட்டியது.

ரவ்தா பதறிப்போய் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினாள். ஜன்னல் மூடி மறுபடி திறந்தது. பாட்டு வரவில்லை.

அறை அமைதியாயிற்று.

மொன்ஜியா விழவில்லை.

கண் பாதி மூடியிருந்தது. முழங்கால் லேசாக மடங்கி, உடம்பு மட்டும் இடமும் வலமும் அசைந்துகொண்டிருந்தது. இசையே இல்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

"மொன்ஜியா. கண்ணு. இங்க பாரு."

நெற்றியைத் தொட்டால் சில்லென்று ஈரம்.

அன்று சாயங்காலம் வரை ரவ்தா அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினாள். பாட்டைத் தட்டினால் நீலக் காது. வேறு பக்கம் வழியாகப் போனால் அங்கேயும் நீலக் காது. தளத்தின் பக்கத்தை ஒழுங்காகப் படிக்கக்கூட விடாமல் நட்டநடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. படிவத்தை நிரப்பித் தொலைத்தால், 'புதிய பதிப்பு வந்துள்ளது' என்று ஒரு மணி நேரம் எதையோ இறக்கியது. இறக்கி முடித்துப் பாட்டைத் தொடங்கியதும், நாற்பது நொடியில் மறுபடி நின்று, தன் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருகிறாய் என்று கேட்டது. ரவ்தா வாழ்நாளில் சொல்லாத கெட்ட வார்த்தையெல்லாம் அன்று சொன்னாள்.

ஒவ்வொரு முறை பாட்டு தொடங்கியபோதும் மொன்ஜியாவின் அசைவு வேகமாயிற்று. ஒவ்வொரு முறை அறுந்தபோதும் கடல் வாடை கொஞ்சம் கூடியது. அதைக் கவனித்த பிறகு ரவ்தாவுக்குத் தொடவே பயமாகிவிட்டது.

மறுநாளும் மொன்ஜியா உட்காரவில்லை. கரண்டியால் ஊட்டிய தண்ணீர் பாதி கடைவாய் வழியே வழிந்தது. பாதங்கள் வீங்கிவிட்டன. அவள் நின்ற இடத்துத் தரையோடுகளின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ரவ்தா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

ரிதாவுக்கு போன் போட்டது தப்பாயிற்று.

"வெள்ளிக்கிழமை தொழுகை முடியட்டும். ஆம்புலன்ஸ் வரச் சொல்லிடறேன். ஆஸ்பத்திரில சேத்துடு" என்றான் அவன்.

"ஹமாதி வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் அங்க இருந்துட்டு வந்தா. ஊசியில நூல் கோக்க முடியாம ஒரு வருஷம் அழுதா. மறந்துட்டியா?"

"பாட்டுப் போட்டு வைத்தியம் பாக்கறவகிட்ட நான் என்னத்தப் பேச? வெள்ளிக்கிழமை. அவ்வளவுதான்."

வியாழன் காலை ரவ்தா தெருமுனை இணைய மையத்துக்கு ஓடி புராவியைப் பிடித்தாள். முப்பத்தைந்து வயது, தொந்தி, சதா பல்லில் ஒரு தீக்குச்சி. ஹல்ஃபாவீனில் கெட்டுப்போகும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அவன்தான் டாக்டர்.

"நீலக் காதா? அதுக்கு நான் பரம எதிரிக்கா. இந்தத் தெருவுல மட்டும் பதினஞ்சு வீட்டுல அதக் கொன்னிருக்கேன்" என்று பீற்றிக்கொண்டே வந்தான்.

வாசல் தாண்டி உள்ளே வந்ததும் வாய் அடைத்துப்போயிற்று. அறை நடுவில் மொன்ஜியா அசைந்துகொண்டிருந்தாள். புராவி தீக்குச்சியைப் பல்லிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஹல்ஃபாவீன்காரனுக்குச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

"எத்தன நாளாச்சு?" என்று மட்டும் கிசுகிசுத்தான்.

"செவ்வாக்கெழமைலேருந்து."

அவன் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். நீலக் காதை நீக்கு என்றான். 'உறுதியாகவா?' என்றது. ஆமாம் என்றான். 'எங்களை விட்டுப் பிரிவது ஏன்?' என்று ஆறு காரணம் காட்டிக் கேட்டது. ஒன்றைத் தட்டினான். நீங்கிவிட்டதாகச் சொன்னது. பெட்டியை அணைத்து மறுபடி போட்டான். கடிகாரத்துக்குப் பக்கத்தில், மூலையில், அந்தக் காது மறுபடி உட்கார்ந்திருந்தது.

"சனியன். எங்கியோ ஒரு வால விட்டுட்டுப் போயிருக்கு" என்று புராவி முனகினான். "பொட்டி கண்ண முழிக்கறப்பவே இதுவும் கூட எந்திரிக்குதுக்கா. எந்தப் பாட்டத் தொட்டாலும் தனக்குத்தான்னு எழுதி வெச்சிருக்கு. இங்க பாருங்க, எல்லாக் கட்டத்துலயும் அதுவே டிக் போட்டு வெச்சிருக்கு. நம்மள யாரு கேட்டா?"

"கத பேசாம அத எடு, புராவி. நாளைக்கு ஆம்புலன்ஸ் வந்துடும்."

"எடுக்கறேன். கைய அவசரப்படுத்தாதீங்க."

ஒவ்வொரு டிக்காக எடுத்தான். பெட்டி விழிக்கும்போது எழுபவற்றின் பட்டியலில் காதின் பெயரைத் தேடித் தேடி வெட்டினான். அதன் கோப்புறை முழுவதையும் அழித்தான். மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தான். அவன் கழுத்திலிருந்து வியர்வை ஒழுகியது. மூன்றாவது முறை அந்த மூலை காலியாக இருந்தது.

"இனிமே இணையத்துலேருந்து நேரா ஓட விடாதீங்க. வலது பக்கம் தட்டி, பாட்டையே பொட்டிக்குள்ள எறக்கிக்கறோம். சாதா பிளேயர்ல போடறோம். நடுவுல எவனும் வர முடியாது." இறக்கி முடித்துவிட்டு எழுந்தான். கண்ணைத் தரையிலேயே வைத்திருந்தான். "நான் முத்தத்துல நிக்கறேன்க்கா. இதுக்கெல்லாம் நான் உள்ள இருக்கக் கூடாது."

ரவ்தா புதிதாகச் சாம்பிராணி போட்டாள். பாட்டின் பெயரைத் தட்டினாள்.

கும்ப்ரி எழுந்தது. தாளங்கள் சேர்ந்தன. இரண்டு நிமிடம் கடந்தது. மூன்று கடந்தது. ரவ்தா திரையைப் பார்க்கவே இல்லை. பாபா ஹமாதி பார்ப்பதுபோல் தங்கையின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் குறுக்கே வரவில்லை. மொன்ஜியா சுழன்றாள், குனிந்தாள், தலைமுடி தரையைத் துடைத்தது. மூன்று நாள் பட்டினி கிடந்த உடம்பு அது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு கட்டத்தில் 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம். ரவ்தாவுக்கு உயிரே போய்விட்டது.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. பழைய நாடாவின் இரைச்சல் மட்டும்தான் நின்றிருந்தது. மெட்டு முன்பைவிடத் தெளிவாக, முன்பைவிடக் கிட்டத்தில் கேட்டது. நல்லதாயிற்று என்று ரவ்தா நினைத்துக்கொண்டாள்.

மேலும் நாலைந்து நிமிடம் போயிருக்கும். தாளம் மெல்ல மெல்லத் தளர்ந்து ஓய்ந்தது. மொன்ஜியா சுருண்டு விழுந்தாள். பாபா ஹமாதியின் வழியனுப்பும் குரல் மட்டும் கேட்கவில்லை. அதை யார் பொருட்படுத்தினார்கள்? தங்கை மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ரவ்தா அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை மொன்ஜியா எழுந்து குளித்தாள். தலை வாரினாள். வீட்டில் இருந்த ரொட்டியையெல்லாம் தின்றுவிட்டு, கூஸ்கூஸ் சமைக்கிறேன் என்று சமையலறைக்குப் போனாள். ரவ்தா ரிதாவுக்கு போன் போட்டு ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொன்னபோது, அவள் குரலில் வெற்றி இருந்தது என்பதை மறைப்பானேன். அவன் தங்கையிடம் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு, சரி என்று வைத்துவிட்டான்.

பதினோரு மணிக்கு புராவி வந்தான். முகத்தில் கடுகடுப்பு.

"அந்தப் பாட்ட நேத்து ஒரு காப்பி எடுத்துட்டுப் போனேன்க்கா. அடுத்த வருஷத்துக்கு ஆகுமேன்னு சிடில போட்டுத் தரலாம்னு பாத்தா, பாதியில நிக்குது. நாலு சிடி வீணாப்போச்சு. ஆறு நிமிஷம் நாப்பது செகண்டுக்கு மேல ஓட மாட்டேங்குது."

"உன் காப்பி கெட்டுப்போயிருக்கும். இங்க முழுசா ஓடுச்சே. பத்துப் பதினோரு நிமிஷம்."

"அதான் உங்க பொட்டியில இருக்கறத இன்னொரு தடவ எடுக்கலாம்னு வந்தேன்."

அவன் பெட்டியைப் போட்டான். கோப்பின் நீளத்தைக் காட்டினான். ஆறு நிமிடம் நாற்பது நொடி. தளத்திலிருந்தே மறுபடி இறக்கலாம் என்று பக்கத்தைத் திறந்தான். நீலக் காது இல்லாததால், முதல் முறையாகப் பக்கம் முழுதும் கண்ணில் பட்டது. பாட்டின் பெயருக்குக் கீழே பிரெஞ்சில் இரண்டு வரிகள் இருந்தன. மூன்று நாளும் அந்த ஜன்னல் வந்து உட்கார்ந்திருந்தது அந்த வரிகளின் மேல்தான்.

ரவ்தா படித்தாள். 'முழுமையற்ற பதிவு. பதிவுக் கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டதால் நூபாவின் பிற்பகுதியும் வழியனுப்பும் இல்லை.'

மறுபடி படித்தாள்.

"நேத்து நீ முத்தத்துலதானே நின்னே? உனக்கும் கேட்டுச்சுல்ல?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"பொட்டி கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சுக்கா. அப்புறம் உள்ளேருந்து தாளம் மட்டும் வந்துட்டே இருந்துது. நீங்கதான் எதையோ தட்டறீங்கன்னு நெனச்சேன்."

"நான் எதையும் தட்டல."

புராவி மேசையில் கிடந்த ஹெட்போன் கருவியை எடுத்துப் பெட்டியில் சொருகி அவளிடம் நீட்டினான். சமையலறையில் மொன்ஜியா பித்தளை உரலில் மல்லியும் மிளகாயும் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் காதில் விழாமல் இருக்கட்டும் என்று ரவ்தா கருவியை மாட்டிக்கொண்டு, கடைசி ஒரு நிமிடத்திலிருந்து பாட்டை ஓட விட்டாள்.

கும்ப்ரி. தாளங்கள். நாடாவின் இரைச்சல்.

டக்.

அவ்வளவுதான். திரையில் ஆறு நாற்பது. ஒன்றுமில்லை.

ரவ்தா கருவியைக் கழற்றினாள்.

சமையலறையில் உரல் அடித்துக்கொண்டிருந்தது. பாட்டு அறுந்த அதே இடத்திலிருந்து, ஓர் அடி பிசகாமல், நூபாவின் மிச்சத்தை அடித்துக்கொண்டிருந்தது. அதோடு ஒரு முனகல் குரலும் சேர்ந்திருந்தது. மொன்ஜியாவின் தொண்டைக்கு அவ்வளவு கனம் கிடையாது.

புராவி வாசல் பக்கம் ஓர் அடி பின்வாங்கினான். "மொன்ஜியாக்காவா பாடறாங்க?" என்று உதடு மட்டும் அசையக் கேட்டான்.

ரவ்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வந்த விருந்தாளியை நேற்று யாரும் வழியனுப்பவில்லை. மெட்டை முடித்ததே அவர்தான். காலையில் எழுந்து குளித்ததும், ரொட்டி தின்றதும், ரிதாவிடம் பேசியதும் யார் என்ற கேள்வி எழுந்தது. தங்கையைக் கூப்பிட வேண்டும் என்று இருந்தது. கூப்பிட்டால் எது திரும்பிப் பார்க்குமோ என்றும் இருந்தது.

உரல் நின்றது.

சமையலறை வாசல் வழியாகக் கடல் வாடை தவழ்ந்து வந்தது. உள்ளேயிருந்து நிதானமாக ஒரு குரல் கேட்டது. அக்கா என்று கூப்பிடவில்லை.

"ரவ்தா. ஏன் நிறுத்திட்டே? ஆரம்பத்துலேருந்து போடு. அவசரமில்ல, நான் இங்கதான் இருக்கப்போறேன்."